மயானப் பராமரிப்பும் வீட்டு வரியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் மயானத்துக்குக் கொட்டகை கட்டவும் சுவர் எழுப்பவும் ஏதோ ஒரு திட்டத்தில் பணம் வந்துவிடுகிறது. மறு வருடம் முளைக்கும் சீமைக் கருவேலத்தை வெட்டத்தான் பணம் இருப்பதில்லை. அந்தப் பணம் வர வேண்டிய இடம் ஊராட்சியின் சொந்த வருவாய். அதில் முதலில் நிற்பது வீட்டு வரி. தலைவர்கள், வார்டு உறுப்பினர்கள், செயலர்கள், ஊர்மக்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். பெரும்பகுதி கிராம ஊராட்சிகளைப் பற்றியது. நகராட்சி, மாநகராட்சி பற்றிப் பின்னால் வருகிறது.

மயானத்தைப் பராமரிப்பது யாருடைய பொறுப்பு? ஊராட்சியா, வருவாய்த் துறையா?

பராமரிப்பு ஊராட்சியுடையது. 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 110ஆவது பிரிவு, ஊராட்சி கட்டாயம் செய்ய வேண்டிய வேலைகளின் வரிசையில் சாலை, தெருவிளக்கு, கழிவுநீர்க் கால்வாய் இவற்றோடு சுடுகாடு, இடுகாட்டையும் வைத்திருக்கிறது. விருப்பப்பட்டால் செய்யலாம் என்ற பட்டியல் தனி. மயானம் அதில் இல்லை. அதே சட்டத்தின் 134ஆவது பிரிவின்படி, அரசுக்கு வேறு குறிப்பிட்ட தேவை இல்லாத மயானப் புறம்போக்கு, மேய்ச்சல் நிலம், களம், தோப்பு ஆகியவை ஊராட்சியின் பொறுப்பில் வருகின்றன.

தாசில்தாரும் விஏஓவும் வருவது நில ஆவணம், அளவை, ஆக்கிரமிப்பு அகற்றல் என்ற மூன்று விஷயங்களுக்கு. "அது ரெவின்யூ நிலம், நாங்கள் கை வைக்க முடியாது" என்று ஊராட்சி அலுவலகத்தில் சொன்னால், 134ஆவது பிரிவைக் காட்டுங்கள்.

மயானத்துக்கென்று தனி வரி போட முடியுமா?

முடியாது. ஊராட்சி என்னென்ன வரி போடலாம் என்பதைச் சட்டத்தின் 171ஆவது பிரிவும் அதைத் தொடர்ந்து வருபவையும் வரையறுக்கின்றன. மயான வரி என்று ஒன்று அதில் கிடையாது. கிராம சபையில் ஏகமனதாகத் தீர்மானம் போட்டாலும் சட்டத்தில் இல்லாத வரியை வசூலிக்க அது அதிகாரம் தராது. வீட்டு வரி ரசீதில் "மயானப் பராமரிப்பு ரூ.50" என்று கையால் எழுதி வாங்கினால் தணிக்கையில் மாட்டுவது செயலர்தான்.

சில ஊர்களில் தலைக்கட்டு வரி என்று ஊர்ப் பொதுவில் வசூல் செய்து மயானத்துக்கும் செலவிடுவார்கள். அது ஊர்மக்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் நன்கொடை, அவ்வளவுதான். அதைக் கொடுக்காத குடும்பத்துக்குப் பொது மயானத்தில் இடம் இல்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. இந்த ஒரு விஷயத்தில் ஊர்க் கட்டுப்பாட்டோடு சமரசம் பேசிக்கொண்டிருக்கக் கூடாது என்பது எங்கள் கருத்து.

நாங்கள் கட்டும் வீட்டு வரி முழுவதும் ஊராட்சிக்கே போகிறதா?

வீட்டு வரி ஊராட்சியின் பொது நிதிக்குப் போகிறது. அதன் மேல் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி சேரும். அதை ஊராட்சி வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கட்டிவிட வேண்டும். ஆகவே ரூ.275 ரசீதில் ஊராட்சியின் பங்கு ரூ.250. மயானத்துக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று கணக்குப் போடும்போது நூலக வரியையும் வருமானமாக எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் எல்லாவற்றையும் ஊரக வளர்ச்சித் துறையின் இணையதளத்தில் கட்டலாம். இணையத்தில் பணம் கட்டி ரசீது எடுத்துக்கொண்டால் பணம் ஊராட்சிக் கணக்குக்குப் போனதற்கு அதுவே சாட்சி.

ஒரு மயானத்தைப் பார்த்துக்கொள்ள வருடத்துக்கு எவ்வளவு ஆகும்?

ஒரு ஏக்கர் அளவு, ஒரு தகனக் கொட்டகை, ஒரு ஆழ்துளைக் கிணறு அல்லது அடிபம்பு, நான்கு விளக்கு, 300 மீட்டர் மண் பாதை என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ளவை கணக்குக்காக எடுத்த விலைகள். உங்கள் ஊர் வாடகையையும் கூலியையும் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

புதர் அகற்ற ஜேசிபி, வருடம் இரண்டு முறை, ஒரு முறைக்கு 5 மணி நேரம், மணிக்கு ரூ.1,200: ரூ.12,000.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை 4 ஆட்கள், ஆளுக்கு ரூ.500: ரூ.8,000.
மோட்டார் அல்லது அடிபம்புப் பழுது: ரூ.6,000.
விளக்கு, வயர்: ரூ.4,000.
தகன மேடைக் கம்பி, செங்கல் பழுது: ரூ.10,000.
பாதைக்கு கிராவல் 3 லோடு, லோடு ரூ.4,000: ரூ.12,000.
சுண்ணாம்பு, கேட்டுக்குப் பெயின்ட்: ரூ.3,000.
எதிர்பாராத செலவு: ரூ.5,000.

மொத்தம் ரூ.60,000. இதில் பணியாளர் சம்பளமும் மின் கட்டணமும் இல்லை. அவை வேறு தலைப்பில் போகின்றன. இரண்டு, மூன்று மயானம் உள்ள ஊராட்சிகளில் அப்படியே பெருக்க வேண்டாம். ஜேசிபி ஒரே நாளில் இரண்டு இடத்தையும் முடித்துவிடும். கிராவலும் கம்பியும்தான் பெருகும்.

எங்கள் ஊராட்சியின் மொத்த வீட்டு வரியே இரண்டு லட்சம்தான். அறுபதாயிரத்தை எங்கிருந்து எடுப்பது?

நியாயமான கேள்வி. 1,000 வீடு, சராசரி வருட வரி ரூ.250 என்றால் கேட்பு, அதாவது வசூலாக வேண்டிய மொத்த வரி, ரூ.2,50,000. வசூல் 70 சதவீதம் என்றால் கைக்கு வருவது ரூ.1,75,000. அதில் ரூ.60,000 என்பது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். தெருவிளக்கும் குழாய் உடைப்பும் காத்திருக்கும்போது அவ்வளவையும் மயானத்துக்கு எடுத்துவைக்க எந்தத் தலைவரும் தயங்குவார்.

இன்னொரு விதமாகப் பாருங்கள். மயானச் செலவை 1,000 வீட்டுக்கும் பங்கிட்டால் வீட்டுக்கு வருடம் ரூ.60. கட்டுகிற 700 வீட்டுக்கு மட்டும் பங்கிட்டால் ரூ.86. கட்டாதவர் வீட்டுப் பிணத்துக்கும் கட்டியவர்தான் கொட்டகை போட்டுத் தருகிறார்.

இப்போது வரி விகிதத்தைத் தொடாமல் இரண்டு வேலை செய்யுங்கள்: விடுபட்ட வீடுகளைக் கேட்பில் சேர்ப்பது, நிலுவையை வசூலிப்பது. வீடுகள் 1,150 ஆகி, வசூல் 85 சதவீதம் ஆனால் வருவது ரூ.2,44,375. கூடுதலாகக் கிடைத்தது ஏறத்தாழ ரூ.69,000. மயானத்தின் வருடச் செலவு அதிலேயே அடங்கிவிடுகிறது.

விடுபட்ட வீடுகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரும்பாலான ஊராட்சிகளில் கேட்புப் பதிவேடு பல வருடங்களுக்கு முந்திய வீட்டு நிலவரத்தையே காட்டிக்கொண்டிருக்கிறது. அதில் ஓட்டு வீடு என்று இருப்பது இன்று மாடி வீடு. கண்டுபிடிக்க மூன்று பட்டியலை ஒப்பிட வேண்டும்: வீட்டு வரிக் கேட்பு, குடிநீர் இணைப்புப் பதிவேடு, ஊராட்சி கொடுத்த கட்டட அனுமதிகள். குடிநீர் இணைப்பு இருந்து கேட்பில் பெயர் இல்லாத வீடுதான் முதல் இலக்கு. அடுத்து, கட்டட அனுமதி வாங்கிக் கட்டி முடித்தும் வரி போடப்படாதவை. கடைசியில் தெருத் தெருவாக நடந்து, மேல் தளம் எழுப்பியதையும் வீட்டின் முன்பகுதி கடையாக மாறியதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

வார்டுக்கு இரண்டு பேர் போனால் ஒரு நாளில் 60, 70 வீடு பார்க்கலாம். மேல்நிலைத் தொட்டி இயக்குபவரை உடன் அழைத்துப் போங்கள். எந்த வீட்டில் எத்தனை குழாய் என்று அவருக்குத்தான் தெரியும். புதிதாக வரி விதிக்கும்போது நோட்டீஸ் கொடுத்து, ஆட்சேபணைக்கு அவகாசம் கொடுத்துவிட்டுப் பதிவேட்டில் ஏற்றுங்கள். அவசரப்பட்டு நேரே ரசீது போட்டால் முதல் மேல்முறையீட்டிலேயே விழுந்துவிடும்.

தொழில் வரியையும் மறக்க வேண்டாம். ஊராட்சி எல்லைக்குள் உள்ள பள்ளி, மில், கோழிப்பண்ணை, வங்கிக் கிளை ஊழியர்கள் அரையாண்டுக்கு ஒருமுறை கட்ட வேண்டியது அது. அரசியல் சாசனத்தின் 276ஆவது உறுப்பு வைத்த உச்சவரம்பு ஆளுக்கு வருடம் ரூ.2,500. ஒரு தனியார் பள்ளியே சில ஊராட்சிகளில் மயானச் செலவைச் சுமந்துவிடும்.

அரசு மானியம் வருகிறதே, அதிலிருந்து செலவு செய்யக் கூடாதா?

செய்யலாம். ஆனால் எந்தப் பணம் எதற்கு என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

மாநில நிதிக்குழு மானியம், மாநில அரசின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பங்கிடுவது. இதை மயானத்துக்கும் செலவிடலாம். ஆனால் மின் கட்டணம், குடிநீர் வாரியக் கட்டணம், பணியாளர் ஊதியம் என்று எடுத்த பிறகு சிறிய ஊராட்சிகளில் மிச்சம் குறைவு.

மத்திய நிதிக்குழு மானியத்தில் கட்டு அதிகம். 15ஆவது நிதிக்குழுவின் 2021–26 காலத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிவைக்கப்பட்டது. மீதி 40 சதவீதத்தை உள்ளூர்த் தேவைக்குச் செலவிட முடிந்தது. சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் மட்டும் கூடாது என்று இருந்தது. மயானப் பாதை, நீர் வசதி போன்றவற்றை அந்த 40 சதவீதத்தில் எடுத்த ஊராட்சிகள் உண்டு.

திட்டப் பணம் முழுக்கக் கட்டுமானத்துக்கு. 2011இல் வந்த தாய் திட்டத்தில் குக்கிராமங்களின் அடிப்படைத் தேவைகளில் மயானமும் அதற்கான பாதையும் இருந்தன. எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதியில் கொட்டகை கட்டுவது சகஜம். நமக்கு நாமே திட்டத்தில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு தரும். இவை எதிலும் புதர் வெட்டவோ பல்பு மாற்றவோ பணம் கிடையாது. ஆண்டுதோறும் திரும்பி வரும் செலவுக்கு ஆண்டுதோறும் திரும்பி வரும் வருமானம் வேண்டும். வீட்டு வரியை இங்கே முன்னால் வைப்பதற்குக் காரணம் அதுதான்.

பட்ஜெட்டில் மயானத்துக்குத் தனியாகத் தொகை ஏற்ற என்ன செய்ய வேண்டும்?

நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அதனால் வேலையை அக்டோபர் 2 கிராம சபையிலேயே ஆரம்பித்துவிடுங்கள். வருடத்தில் ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் கூட்டத்தில் போய்க் கேட்டால் பட்ஜெட் ஏற்கெனவே தயாராகியிருக்கும்.

தீர்மானத்தின் வாசகம் முக்கியம். "மயானத்தைச் சீரமைக்க வேண்டும்" என்று எழுதினால் அது ஒரு வேண்டுகோளாகவே நின்றுவிடும். "புல எண் இன்னதில் உள்ள பொது மயானத்துக்கு, ஊராட்சிப் பொது நிதியிலிருந்து, வரும் நிதியாண்டில் ரூ.60,000 பராமரிப்புச் செலவாக ஒதுக்க வேண்டும்" என்று இடம், கணக்கு, ஆண்டு, தொகை நான்கும் வருமாறு எழுதச் சொல்லுங்கள். பிறகு அதைக் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்திலும் சேர்க்க வேண்டும். கட்டுமானம் என்றால் ஒன்றியப் பொறியாளரிடம் எஸ்டிமேட் வாங்கி, வேலை முடிந்ததும் எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தில் அளவு பதிந்தால்தான் பணம் விடுபடும். புதர் வெட்டும் வேலைக்கும் முன், பின் படம் எடுத்து வவுச்சரோடு வைப்பது நல்ல பழக்கம்.

தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத காலத்தில் என்ன செய்வது? 28 மாவட்டங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றது போன்ற நிலையில், மன்றத்தின் இடத்தில் தனி அலுவலர் முடிவெடுக்கிறார். மனுவை வட்டார வளர்ச்சி அலுவலருக்குக் கொடுங்கள். ஒன்றியத்தில் இரண்டு பிடிஓ இருப்பார்கள். கிராம ஊராட்சிகளைக் கவனிப்பவருக்குப் போக வேண்டும்.

மயான நிலத்தின் ஒரு பகுதியைப் பக்கத்து வயல்காரர் சேர்த்துக்கொண்டார். சுவர் கட்டிவிட்டால் சரியாகிவிடுமா?

அளக்காமல் சுவர் கட்டாதீர்கள். பணம் இருக்கிறதே என்று கண்ணில் பட்ட வரப்போடு சுவர் எழுப்பினால் இரண்டில் ஒன்று நடக்கும்: ஆக்கிரமித்த இடத்தைச் சுவரே நிரந்தரமாக்கிவிடும், அல்லது பட்டா நிலத்துக்குள் சுவர் போய் நீதிமன்றத்தில் தடை வாங்கிவிடுவார்கள்.

முதலில் வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் புல எண்ணையும் வகைப்பாட்டையும் பாருங்கள்; இணையத்திலேயே கிடைக்கும். பரப்பு எவ்வளவு என்று குறித்துக்கொண்டு, புலப்பட நகலோடு தாசில்தாரிடம் நில அளவைக்கு ஊராட்சி பெயரில் மனு கொடுங்கள். சர்வேயர் அளந்து கல் நட்ட அன்றே கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்துப் படம் எடுத்துவிடுங்கள். கல் நடந்து போகிற அதிசயம் எல்லா ஊரிலும் உண்டு. ஆக்கிரமிப்பு உறுதியானால் 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து அகற்றுவது வருவாய்த் துறையின் வேலை. ஊராட்சி ஜேசிபியை அனுப்பித் தானே இடித்தால் வழக்கு ஊராட்சி மேல் திரும்பும்.

கருவேலத்தை எத்தனை முறை வெட்டினாலும் மறுபடி வருகிறதே?

தரையோடு வெட்டுவதால்தான். சீமைக் கருவேலம் அடிக்கட்டையிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். ஒரு தண்டு இருந்த இடத்தில் அடுத்த வருடம் ஏழெட்டு நிற்கும். ஜேசிபியால் வேர்க்கட்டையோடு தோண்டி எடுக்க வேண்டும். மழை முடிந்து மண் ஈரமாக இருக்கும்போது எடுத்தால் கட்டை முழுதாக வரும். சித்திரை வெயிலில் மண் இறுகியிருந்தால் பாதியில் முறியும். முதல் வருடம் இரண்டு முறை செய்தால், அதன் பிறகு விதையிலிருந்து வரும் கன்றுகளை ஆட்களே பிடுங்கிவிடலாம். காயைத் தின்ற ஆடு மாடுகள்தான் விதையைக் கொண்டுவந்து போடுகின்றன. அதனால் கேட்டைச் சாத்திவைப்பதும் களையெடுப்பில் சேர்த்தி.

சமாதி உள்ள பகுதியில் ஜேசிபி விடும்முன் அந்தந்தக் குடும்பத்துக்குச் சொல்லிவிடுங்கள். பெரிய மரங்கள் இருந்தால் வெட்டி எடுத்துப் போகச் சொல்லிச் சும்மா கொடுத்துவிடக் கூடாது. மதிப்பீடு வாங்கி ஏலம் விட்டு, அந்தத் தொகையை ஊராட்சி நிதியில் சேர்க்க வேண்டும்.

தகன மேடை இரண்டு வருடத்தில் உடைந்துவிட்டது. ஏன்?

பெரும்பாலும் சாதாரண கான்கிரீட் மேடையில் நேரடியாக எரிப்பதால். கான்கிரீட்டுக்குள் இருக்கும் ஈரம் சூட்டில் ஆவியாகி, மேல்பரப்பைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்துவிடும். உள்ளே இருக்கும் கம்பி வெளியே தெரிந்ததும் மேடை முடிந்தது. தீ படும் பக்கமெல்லாம் தீச்செங்கல் பதித்து, சிமெண்டுக்குப் பதில் தீக்களிமண் சாந்து வைத்துக் கட்ட வேண்டும். எஸ்டிமேட்டில் இந்த இரண்டும் இருக்கின்றனவா என்று தொடங்கும்முன் பாருங்கள். விலை கூடும் என்று முதலில் வெட்டுவது இவற்றைத்தான்.

அடுத்தது எரிதட்டு. மெல்லிய ஆங்கிள் சட்டம் சிவக்கச் சூடாகும்போது பாரம் தாங்காமல் வளையும். கனமான சேனல் வைத்து, முனைகளை இறுக்கிப் பற்றவைக்காமல் நீள இடம் விட்டு உட்கார வைத்தால் அதிக நாள் வரும். கூரை தாழ்வாக இருந்தால் தகடு துருப்பிடித்து ஓட்டையாகும். உயரத்தைக் கூட்டி, புகை வெளியேற மேலே இடைவெளி விட வேண்டும். சாம்பலை மேடையிலேயே விட்டுப் போவதும் கெடுதல். மழை நீர் சேர்ந்தால் ஈரச் சாம்பல் இரும்பை அரிக்கும்.

விறகுச் சிதை ஒன்றுக்கு 400 முதல் 500 கிலோ விறகு பிடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். மழைக்காலத்தில் விறகு நனையாமல் வைக்க ஒரு சிறு மறைப்பு இல்லாவிட்டால், டயரையும் மண்ணெண்ணெயையும் தேடி ஓட வேண்டிவரும்.

தண்ணீர், விளக்கு?

தண்ணீர் இல்லாமல் கொட்டகை கட்டுவது பாதி வேலை. ஈமச்சடங்குக்கும் குளிக்கவும் தண்ணீர் வேண்டும். ஊர்க் குழாயை மயானம் வரை நீட்டினால் கடைசி முனையில் அழுத்தம் இருக்காது; 500 லிட்டர் தொட்டி வைத்து இரவில் நிரம்ப விடலாம். சூரிய விளக்கு வைத்தால் பேட்டரி சில வருடத்தில் போகும். அதன் விலையை அன்றே பராமரிப்புக் கணக்கில் சேர்த்துவையுங்கள்.

ஊரில் இரண்டு மயானம். காலனி மயானத்துக்குப் பாதையே இல்லை. வரிப் பணம் ஒரே இடத்துக்குப் போகிறது. என்ன செய்வது?

வீட்டு வரி காலனிக்கும் ஊருக்கும் ஒரே விகிதம். ஒதுக்கீடு மட்டும் ஒருபக்கமாக இருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. கடந்த மூன்று வருடச் செலவை மயான வாரியாகப் பிரித்து எழுதிக் கிராம சபையில் வையுங்கள். பொதுவாகப் பேசினால் மறுத்துவிடுவார்கள். எண்ணைப் பார்த்த பிறகு மறுப்பது கடினம்.

பாதைக்குப் பட்டா நிலம் தேவை என்றால் ஆதிதிராவிடர் நலத் துறை வழியாக நிலம் எடுக்கலாம். அதற்கென்றே 1978ஆம் ஆண்டின் 31ஆவது சட்டம் இருக்கிறது. வயல் வழியே பிணத்தைத் தூக்கிப் போவதில் தகராறு உள்ள ஊர்களில் நில எடுப்பு மனுவை முதல் வேலையாகக் கொடுங்கள். கட்டடத்தை அப்புறம் பார்க்கலாம்.

இரண்டையும் ஒன்றாக்குவது செலவுக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது. மயானங்களில் சாதிப் பெயர்ப் பலகைகளை அகற்றச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 டிசம்பரில் உத்தரவிட்டது. சாதி வேறுபாடில்லாத மயானம் பயன்பாட்டில் உள்ள முன்மாதிரிக் கிராமங்களுக்கு ரூ.10 லட்சம் ஊக்கத்தொகையை மாநில அரசு அறிவித்திருக்கிறது. ஒரு ஊராட்சியின் பல வருட மயானப் பராமரிப்பு அந்தத் தொகையில் அடங்கும்.

மயானப் பணியாளருக்குச் சம்பளம் கொடுக்க முடியுமா?

பல ஊர்களில் குழி வெட்டுபவருக்கும் சிதை அடுக்குபவருக்கும் இறந்தவர் வீட்டார் கொடுப்பதுதான் கூலி. இந்த வேலையை ஒரே சமூகத்தின் தலையில் பரம்பரைக் கடமையாக வைத்திருக்கும் வழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம். ஊராட்சி மன்றத் தீர்மானத்தோடு, பணிக்கு இவ்வளவு என்று பொது நிதியிலிருந்து கொடுக்கும் ஏற்பாடு செய்யலாம். கையுறை, காலணி, மண்வெட்டி, மழைக்காலத்தில் குழியில் ஊறும் நீரை இறைக்க ஒரு சிறு பம்பு இவற்றை ஊராட்சிதான் வாங்கித் தர வேண்டும். தூய்மைக் காவலரை மயான வேலைக்கும் கூலியில்லாமல் அனுப்புவது கூடாது.

பிணத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கலாமா? ஜிஎஸ்டி உண்டா?

சிறு ஊராட்சியில் கட்டணம் வாங்குவதில் அர்த்தமில்லை. வருடத்துக்கு 15 சாவு, ஆளுக்கு ரூ.500 என்றாலும் ரூ.7,500தான் வரும், அதற்கு ரசீதுப் புத்தகம், தகராறு எல்லாம் சேரும். எரிவாயு தகன மேடை உள்ள நகரங்களில் கதை வேறு. அங்கே எரிபொருள் செலவு ஒவ்வொரு உடலுக்கும் தனித்தனியாக ஏறுகிறது.

ஈமச்சடங்கு, அடக்கம், தகனம், சடலத்தை எடுத்துச் செல்லுதல் ஆகிய சேவைகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஜிஎஸ்டி சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே விலக்கி வைத்திருக்கிறார்கள். கட்டடம் கட்டும் ஒப்பந்தத்துக்கு வரி உண்டு. இரண்டையும் குழப்பி எஸ்டிமேட்டில் வரியை விட்டுவிட்டால் ஒப்பந்ததாரர் பாதியில் நிறுத்துவார்.

கல்லறைத் தோட்டம், கபர்ஸ்தானுக்கு ஊராட்சிப் பணம் செலவிடலாமா?

நிலம் யாருடையது என்பதைப் பொறுத்தது. அரசுப் புறம்போக்கில் கிறிஸ்தவர்களோ முஸ்லிம்களோ பயன்படுத்தும் பொது இடுகாடு என்றால் மற்ற மயானத்தைப் போலவே ஊராட்சியின் கடமை. தேவாலயத்தின் பட்டாவிலோ வக்ஃபு சொத்திலோ இருந்தால் உள்ளே பராமரிப்பது அந்த நிர்வாகம். அதுவரை போகும் பொதுப் பாதை, தெருவிளக்கு, சாக்கடை மட்டும் ஊராட்சியுடையது. சுற்றுச்சுவர் போன்றவற்றுக்குச் சிறுபான்மையினர் நலத் துறையில் தனி ஒதுக்கீடு உண்டு. மனு மாவட்ட அலுவலருக்குப் போக வேண்டும்.

சொந்தத் தோட்டத்தில் அடக்கம் செய்துகொண்டால் மயானத்தின் தேவையே குறையுமே?

கிராம ஊராட்சிகளுக்கான 1999ஆம் ஆண்டு விதிகளின்படி, பதிவு பெற்ற இடத்துக்கு வெளியே புதிய இடுகாடு திறக்க ஊராட்சியின் உரிமம் வேண்டும். குடியிருப்பிலிருந்தும் குடிநீர் ஆதாரத்திலிருந்தும் 90 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஊர் வளர்ந்து வீடுகள் மயானத்தை நெருங்கும்போது தகராறு கிளம்புவதும் இந்த 90 மீட்டரில்தான். மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும்முன் மயானத்தின் தூரத்தை அளந்து பார்க்கும் ஊராட்சிக்குப் பின்னால் தலைவலி குறைவு.

நகராட்சி, மாநகராட்சியில் எப்படி?

அரசியல் சாசனத்தின் 12ஆவது அட்டவணையில் 14ஆவது இனமாகவே இடுகாடு, சுடுகாடு, மின் மயானம் இருக்கின்றன. சொத்து வரி நகராட்சியின் வருவாய் நிதிக்குப் போகிறது. மயானச் செலவும் அதிலிருந்துதான். குடிநீருக்கும் தொடக்கக் கல்விக்கும் இருப்பதுபோல மயானத்துக்குத் தனி நிதி கிடையாது. வரியை அரையாண்டின் முதல் 30 நாளில் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் ரூ.5,000 ஊக்கத்தொகை. தாமதித்தால் மாதம் 1 சதவீதம் கூடுதல்.

நகரங்களில் எரிவாயு தகன மேடைகளை அறக்கட்டளைகளிடம் ஒப்பந்தத்தில் விடுவது பரவலாக இருக்கிறது. ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது மூன்று: பர்னரும் புகைப்போக்கியும் பழுதானால் யார் செலவு, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் யாருடையது, ஏழைக் குடும்பத்துக்குக் கட்டணத்தை யார் ஈடுசெய்வது. இவை எழுதப்படாத இடத்தில் முதல் பெரிய பழுதோடு மேடை பூட்டிக் கிடக்கும்.

வெளிநாட்டில் கல்லறைக்கென்றே சொத்து வரி இருக்கிறதாமே?

இருக்கிறது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டவுன்ஷிப் எனப்படும் உள்ளாட்சி, கல்லறைப் பராமரிப்புக்கென்று தனிச் சொத்து வரியைத் தேர்தலில் வாக்கெடுப்புக்கு வைக்கலாம். வரி "மில்" கணக்கில்: வரிக்குரிய மதிப்பில் ஆயிரம் டாலருக்கு ஒரு டாலர். வரிக்குரிய மதிப்பு என்பது சந்தை மதிப்பில் 35 சதவீதம். ஒரு லட்சம் டாலர் வீட்டுக்கு அரை மில் போட்டால் வருடத்துக்கு 17 டாலர் 50 சென்ட். அந்தப் பணத்தை வேறு வேலைக்குத் திருப்ப முடியாது. காலம் முடிந்ததும் மறுபடி மக்களிடம் கேட்க வேண்டும். கலிஃபோர்னியாவில் கல்லறைக்கென்றே தனி மாவட்ட அமைப்புகள் உண்டு. சொத்து வரியில் அவற்றுக்குப் பங்கு கிடைக்கிறது. அதோடு, இடம் வாங்குபவரிடம் ஒரு தொகை பெற்று முதலைத் தொடாமல் வருமானத்தை மட்டும் பராமரிப்புக்குச் செலவிடுகிறார்கள்.

இங்கே அந்த வரி முறைக்குச் சட்டத்தில் இடமில்லை. எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்று: தொகையையும் காலத்தையும் சொல்லி மக்கள் முன் வைப்பது. மேலே சொன்ன கிராம சபைத் தீர்மானம் அதைச் செய்கிறது.

ஒதுக்கிய பணம் செலவானதா என்று எப்படிச் சரிபார்ப்பது?

முதலில் கிராம சபையில் வைக்கப்படும் வரவு செலவு அறிக்கையைப் பாருங்கள். அதில் மயானம் "இதர செலவு" என்ற தலைப்பில் கரைந்திருந்தால் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ரூ.10 கட்டணத்தோடு மனு. 30 நாளில் பதில் தர வேண்டும். "மயானம் பற்றிய எல்லாத் தகவலும்" என்று கேட்டால் சுற்றி வளைத்து ஏதாவது வரும். இப்படிக் கேளுங்கள்: இன்ன நிதியாண்டில் இன்ன புல எண் மயானத்துக்கான செலவு வவுச்சர்களின் நகல், எம்-புக் பக்கங்களின் நகல், அதே ஆண்டின் வீட்டு வரிக் கேட்பு, வசூல், நிலுவைப் பட்டியல். ஜேசிபி எத்தனை மணி நேரம் ஓடியது என்று வவுச்சரில் இருக்கும். ஒரு ஏக்கருக்கு 20 மணி நேரம் என்று இருந்தால் அடுத்த கேள்வி என்ன என்பது உங்களுக்கே தெரியும்.